அப்பா பேரு தெரியாத குழந்தைக்கு இனிஷியல் எதுக்கு? (த்ரெட்)

1/ நம்ம ஊர்ல எந்த ஃபார்ம் எடுத்தாலும் பேருக்குப் பக்கத்துல இனிஷியல் கேப்பாங்க. பெரும்பாலும் அப்பா பேரோட முதல் எழுத்து. பெத்தவங்க யாருன்னே தெரியாத குழந்தைக்கு அங்க என்ன எழுதுறது? கொஞ்சம் நீளமா பேசுவோம்.

2/ போர்ச்சுகல்ல 1783-ல ஊருக்கு ஊரு ஒரு சுழல் பெட்டி வைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. வெளியில இருந்து குழந்தையை வெச்சுச் சுத்திவிட்டா உள்ளே இருக்கிறவங்க எடுத்துக்குவாங்க. விட்டது யாருன்னு தெரியாது. அந்தப் பிள்ளைகள் பலருக்கு 'எக்ஸ்போஸ்டோ'ன்னு குடும்பப் பேரு வெச்சாங்க. அர்த்தம், 'வெளியே விடப்பட்டவன்'. இத்தாலியில இதே அர்த்தத்துல வந்த 'எஸ்போசிட்டோ' இன்னைக்கும் நேப்பிள்ஸ் பக்கம் சர்வசாதாரணம். உயிரைக் காப்பாத்தினாங்க, ஆனா பேர்லயே முத்திரை குத்திட்டாங்க.

3/ நம்ம கிட்டயும் அந்தப் பெட்டி இருக்கு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல சேலத்துல தொடங்கின தொட்டில் குழந்தை திட்டம். 2001-ல தர்மபுரிக்கும் வந்துச்சு. அப்போ கிருஷ்ணகிரி, ஓசூர், நம்ம பேரிகை எல்லாம் தர்மபுரி மாவட்டம்தான். நாம 'எக்ஸ்போஸ்டோ'ன்னு பேரு வைக்கல, நல்ல விஷயம். ஆனா "இனிஷியல் என்ன?"ன்னு கேட்டே அந்த முத்திரையைக் குத்திடுறோம்.

4/ தத்துப் போற குழந்தைக்குப் பிரச்சனை இல்ல, புது அப்பா அம்மா பேரு வந்துடும். தத்துப் போகாம இல்லத்துலயே வளர்ற பிள்ளைதான் பள்ளிக்கூடம், பேங்க், ஆஸ்பத்திரின்னு ஒவ்வொரு கவுன்ட்டர்லயும் பதில் சொல்லணும்.

5/ சட்டம் நம்மள விட முன்னாடி போயிடுச்சு. தனியா இருக்கிற தாய் கேட்டா, அப்பா பேரைச் சொல்லச் சொல்லாம பிறப்புச் சான்றிதழ் தரணும்னு 2015-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2016 டிசம்பர்ல இருந்து பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா, சட்டப்படியான கார்டியன், இவங்கள்ல ஒருத்தர் பேரு போதும்.

6/ இன்னொண்ணு. பேரிகை மாதிரி எல்லையில தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே தெருவுல. ஒருத்தருக்கு இனிஷியல் அப்பா பேரு, இன்னொருத்தருக்கு ஊர் பேரு, தெலுங்கு வீட்டுல 'இண்டி பேரு'. அப்போ அந்த ஒத்தை எழுத்து அப்பனுக்குச் சான்று கிடையாது, வெறும் வழக்கம். வழக்கத்துக்காக ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைக்கணுமா?

7/ மருத்துவராச் சொல்றேன்: சிகிச்சைக்கு இனிஷியல் தேவையே இல்ல. ஆளை அடையாளம் காண பேரு, பிறந்த தேதி, ஓபி நம்பர் போதும். குடும்பத்துல சுகர், வலிப்பு இருக்கான்னு கேக்குறோம், அது உதவும்தான். "தெரியாது"ன்னா அப்படியே எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போகணும். "ஏன் தெரியாது?"ன்னு வரிசையில நிக்கிறவங்க முன்னாடி கேக்கக் கூடாது.

8/ ஆசிரியர்கள், நர்ஸ்கள், ஆபீஸ்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள். "அப்பா பேரு என்ன?"ன்னு ஆரம்பிக்காம "உன்னைப் பாத்துக்கிறது யாரு?"ன்னு கேளுங்க. கட்டத்தைக் காலியா விட்டா ஒண்ணும் ஆகிடாது.

9/ கடைசியா, குழந்தையை வளர்க்க முடியாத நிலையில யாராவது இருந்தா 1098-க்கு போன் பண்ணச் சொல்லுங்க. குழந்தைகள் நலக் குழு கிட்ட சட்டப்படி ஒப்படைக்கலாம், மனசு மாறினா திரும்ப வாங்க 2 மாசம் டைம் இருக்கு. தயவுசெஞ்சு புதர்லயும் குப்பைத்தொட்டியிலயும் விட வேண்டாம். அந்தக் குழந்தை உயிரோட நம்ம கைக்கு வரட்டும். பேரு வெச்சுக்கலாம்.