செவ்வந்திக் கல்லின் நிறம்

திருத்தணிகைக்கு நீலோற்பலகிரி என்றும் ஒரு பெயருண்டு. இந்திரன் அங்கே சுனையில் நீலோற்பலம் வளர்த்து முருகனைப் பூஜித்தான் என்பது ஸ்தல புராணம். சென்ற கிருத்திகையன்று மலையேறி இறங்கிய நமக்கு அம்மலரை நினைப்பூட்டியது, அடிவாரக் கடையொன்றில் கிடந்த ஊதா நிறச் செவ்வந்திக் கல். அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் கல். புஷ்பராகம் என்றார் கடைக்காரர். உடன் வந்த நண்பர் மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தை எடுத்து அதை வாங்கிவிட்டார். அதை அணிந்தால் வரன் அமையும் என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம்!

ஊர் திரும்பியதும் பொற்கொல்லர் ஒருவரிடம் கல்லை நீரிலிட்டு எடை பார்த்தோம். நீரைப்போல் 2.65 மடங்குதான் கனம். புஷ்பராகம் எவ்வகையாயினும் மூன்றரை மடங்குக்குக் குறையாது. ஆகவே இது வெறும் ஸ்படிகம். சினம் தணிந்த மலைக்குப் போய்வந்த நண்பருக்குச் சினம் மூண்டது.

செவ்வந்திக் கல்லும் ஸ்படிக இனமே. பாறை பிளந்த இடங்களில் ஏறும் சுடுநீரில் மணலின் சத்தாகிய சிலிகா கரைந்திருக்கும். நீர் ஆற ஆற அச்சத்து பிளவின் சுவர்களில் படிந்து, கூர்முனை உள்நோக்கியவாறு வளர்கிறது. பாறைகளில் வெள்ளைக் கோடாக ஓடும் வெங்கச்சங்கல் நரம்பும் இவ்விதம் உண்டானதே. அந்நீரில் இரும்பு இருந்தால், சிலிகன் இருக்கவேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அது அமர்ந்துவிடும். பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு போதும். ஆனால் அதனால் மட்டும் ஊதா வந்துவிடாது. சுற்றியுள்ள பாறையின் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் இவற்றிலிருந்து காமாக் கதிர்கள் லட்சோப லட்சம் ஆண்டுகள் பாய்ந்து, இரும்பணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பெயர்க்கின்றன. அவ்விதம் மாறிய இரும்பு, ஒளியில் பச்சையையும் மஞ்சளையும் விழுங்கிவிடுகிறது. மிச்சமே நாம் காணும் ஊதா.

தமிழர்க்கு இக்கல் புதிதன்று. நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வாய்வுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கடைந்த மணிகளுள் இதுவும் கிடைத்தது.

யுகக்கணக்கில் காத்திருந்து பெற்ற அந்த நிறத்தை ஓர் உலை சில மணி நேரத்தில் போக்கிவிடும். சுமார் 450 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஊதா மறைந்து மஞ்சள் தோன்றுகிறது. சந்தைக்கு வரும் மஞ்சள் ஸ்படிகத்தில் பெரும்பகுதி இவ்விதம் சுட்ட செவ்வந்திக் கல்லே. அப்படிச் சுடுவது குற்றமன்று. புஷ்பராகமென்று விலை சொல்வதே குற்றம்.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னோம். "அப்படியானால் இதுவும் அந்த ஊதாக் கல்லும் ஒன்றுதானா?" என்று கேட்டுவிட்டு, கல்லை மடியில் முடிந்துகொண்டார். கொடுத்த விலையை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.