ஒரு தச்சர், இரு வேலைகள்

நம் ஏரவாடா மெட்ரோ நிலையம் திறக்கப்பெற்ற வரலாற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரூபி ஹால் முதல் ராம்வாடி வரையுள்ள பாதை 2024ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆயினும் வண்டிகள் நம் நிலையத்தில் நில்லாமலே சென்றன. சாலையில் இறங்கும் படிக்கட்டின் இடத்தை மாற்ற நேர்ந்தமையால், ஆகஸ்டு 21ஆம் நாள்தான் நமக்கு வாயில் திறந்தது.

திட்டம் வகுப்போர் கண்ணுக்கு இத்தாமதம் சிறிது. ஒரு நிலையம் பிந்தினாலும் பாதை ஓடும். இங்கு ஏறி இறங்க வேண்டிய குடும்பங்களுக்கோ அது ஐந்தரை மாதக் காத்திருப்பு. ஆகவே, எவ்வேலை பிந்தலாம், எது பிந்தலாகாது என்னும் கணக்கை நாமும் அறிவது நன்று. 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான இக்கணக்கை இன்று கணினிச் செயலிகள் நொடியில் போட்டு விடுகின்றன. நம் பிள்ளைகள் பலரும் அலுவலகங்களில் இதைக் கொண்டே நாள் குறிக்கின்றனர்.

சங்க விழாவுக்கு மேடை அமைக்க 4 நாள், அதன்பின் அலங்கரிக்க 2 நாள், பெஞ்சுகளைப் பழுது பார்க்க 3 நாள் எனக் கொள்வோம். மேடையும் அலங்காரமும் சேர்ந்து 6 நாள். பெஞ்சு வேலை 3 நாள் பிந்தித் தொடங்கினாலும் விழா பிந்தாது. காகிதத்தில் யாவும் 6 நாளில் முடிந்து விடுகின்றன.

ஆனால் நம்மிடம் இருப்பவர் ஒரே தச்சர். அவரை இரு வேலைகளும் முதல் நாளே அழைக்கின்றன. மேடையை முதலில் முடித்தால், பெஞ்சு வேலை 5ஆம் நாள் தொடங்கி 7ஆம் நாள் முடியும். ஒரு நாள் தாமதம். பெஞ்சை முதலில் எடுத்தாலோ, அலங்காரம் முடிய 9 நாளாகும். மூன்று நாள் தாமதம். இவ்வாறு ஆள் பலத்துக்கேற்ப வேலைகளைத் தள்ளி வைப்பதையே வளங்களைச் சமன்செய்தல் என்பர்.

செயலி காட்டும் புதிய நாளைக் கண்டு சினந்து, பழைய நாளையே வற்புறுத்தும் மேலாளர்களும் உளர். அதனால் தாமதம் மறைவதில்லை. தச்சரின் இரவுத் தூக்கத்தை அது உண்கிறது. இன்னொருவரை அமர்த்தலாம், வேலையைக் குறைக்கலாம், நாளைத் தள்ளலாம். நேர்மையான வழிகள் இவையே.

நம் வீட்டுக் கல்யாணப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். வரிக்கு வரி வீட்டு அம்மாளின் பெயரே காணப்படின், நாள் குறிக்கும் முன் அவரைக் கேட்டறிவோமாக.