தறியில் உட்கார்ந்து நெய்து காட்டு என்று நம்மை யார் கேட்டார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டு நாளாக நம் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. "ஆளாளுக்கு எஸ்.டி. சான்றிதழ் வாங்கிக்கொண்டு நம் பிள்ளைகள் சீட்டைப் பிடுங்குகிறார்கள்" என்று. அதற்குக் கைதட்டுகிற படம் போட்டவர்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள், என்னிடமே படித்தவர்களும் இருக்கிறார்கள். குழுவில் பதில் எழுதினால் சண்டை ஆகிவிடும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன், சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் கணக்குப் பாடம் நடத்தியவன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம். பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிம்களுக்கு 3.5, எம்.பி.சி., சீர்மரபினருக்கு 20, எஸ்.சி.க்கு 18, எஸ்.டி.க்கு 1. ஆமாம், ஒன்றே ஒன்று. அதுவும் 1990-ல்தான் தனியாகக் கிடைத்தது. அதற்கு முன் எஸ்.சி.யும் எஸ்.டி.யும் சேர்ந்தே 18. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடிகள் சுமார் 7 லட்சத்து 95 ஆயிரம் பேர், மக்கள்தொகையில் 1.1 சதவீதம்.

ஒரு இருளர் பிள்ளைக்கு எஸ்.டி. சான்றிதழ் கிடைத்தால், அது அந்த ஒரு சதவீதத்துக்குள்தான் போட்டி போடும். நம் 26.5-ல் ஒரு இடமும் குறையாது. சான்றிதழ் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அந்தப் பிள்ளையைப் பொதுப்பிரிவில் சேர்த்துவிடுவார்கள். செங்கல் சூளையில் பிறந்த பிள்ளை, பரம்பரையாகப் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளையோடு சரிக்குச் சமமாக ஓட வேண்டும். இதில் யார் யாருடைய சீட்டைப் பிடுங்குகிறார்கள்? கூட்டிக் கழித்து நீங்களே சொல்லுங்கள்.

இப்போது என் சொந்தக்காரர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி. நாம் செங்குந்தர், பி.சி. நம் வீட்டில் யாருக்காவது சாதிச் சான்றிதழ் வாங்குவதில் சிரமம் இருந்ததா? அப்பாவின் சான்றிதழைக் காட்டினோம், பிள்ளைக்குக் கிடைத்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து, "நீ கைக்கோளர் என்றால் தறியில் உட்கார்ந்து ஒரு முழம் நெய்து காட்டு" என்று கேட்டாரா? "ஜரிகையும் கோர்வையும் தெரியாதா, அப்படியானால் நீ செங்குந்தர் இல்லை" என்று திருப்பி அனுப்பினாரா? இன்றைக்கு நம் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரகடம் கம்பெனிகளிலும் சென்னை ஐ.டி. அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். பாவு எது, ஊடை எது என்று கேட்டால் திருதிருவென முழிப்பார்கள். அதனால் அவர்கள் சாதி மாறிவிட்டதா?

பழங்குடிகளிடம் மட்டும் அப்படிக் கேட்கிறார்கள். "பாம்பு பிடிப்பாயா? எலி பிடிப்பாயா? உங்கள் பாஷையில் இரண்டு வார்த்தை பேசு. கன்னியம்மனை எப்படிக் கும்பிடுவீர்கள், சொல்லு" என்பார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் பிள்ளை, பாலாற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வந்தவள். அவளுக்காக அவளுடைய அப்பாவோடு நானே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அந்தப் பிள்ளையைப் பார்த்து, "பேன்ட் சட்டையெல்லாம் போட்டிருக்கியே, நீ எப்படி இருளர்?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு வா, நன்றாக உடுத்து, நன்றாகப் பேசு என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். அதையே காரணம் காட்டி அவள் இருளர் இல்லை என்றால் என்ன நியாயம்? நான்கு முறை அலைந்தோம். ஒவ்வொரு முறையும் அவள் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

அவரிடம் கேட்ட ஆவணங்களைக் கேளுங்கள். அப்பாவின் சாதிச் சான்றிதழ்: அவருக்கு யாரும் கொடுத்ததே இல்லை. அப்பாவின் பள்ளிக்கூட டி.சி.: அவர் பள்ளிக்கூடமே போனதில்லை. பரம்பரைச் சொத்துப் பத்திரம்: ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரிடம் ஏது பத்திரம்? உறவினர் யாருடைய சான்றிதழாவது: அவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். கிணறு இருந்தால்தான் வாளி தருவேன், வாளி இருந்தால்தான் கிணறு வெட்டவிடுவேன் என்கிற கதை.

1989 நவம்பர் வரை எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தாரே கொடுத்துவந்தார். அதன்பிறகு கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. பி.சி.க்காரர் பக்கத்து அலுவலகத்தில் வாங்குவதை, பஸ் காசுக்கே வழியில்லாதவர் இன்னும் தூரம் போய், இன்னும் பெரிய அதிகாரியிடம் வாங்க வேண்டும்.

"போலிச் சான்றிதழ் அதிகமாகிவிட்டதே சார், கெடுபிடி வேண்டாமா?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. போலிகள் இருந்தது உண்மை. 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழு முறையைக் கொண்டுவந்ததே, பொய்யாகப் பழங்குடி என்று சொல்லிக் கல்லூரியில் இடம் பிடித்தவர்களால்தான். ஆனால் போலி வாங்குகிறவன் யார்? கையில் காகிதம் வைத்திருப்பவன். ஆள் தெரிந்தவன், வக்கீல் வைக்கக் கூடியவன். காகிதம் உள்ளவனைப் பிடிக்கப் போட்ட வலையில் காகிதமே இல்லாதவன்தான் சிக்குகிறான். திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரனை வெளியே நிறுத்திப் பூட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

பழக்கவழக்கத்தை வைத்துச் சோதிப்பது பற்றியும் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2023 மார்ச்சில் மகாராஷ்டிரப் பழங்குடி வழக்கு ஒன்றில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்தச் சோதனை எல்லா வழக்குக்கும் உரைகல் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிலருக்கு அது இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் போகும் பாம்பு விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. 2023-ல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மத்திய அரசு இருளர்களை மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் பட்டியலிலும் வைத்திருக்கிறது. விஷம் வேண்டும் என்றால் இருளர் யார் என்று எல்லோருக்கும் தெரிகிறது. முன்பணம் கொடுத்து சூளையிலும் அரிசி ஆலையிலும் அடைத்துவைக்கும் முதலாளிக்கும் தெரிகிறது. குடத்தைத் தொடாதே என்று சொல்லும் ஊருக்கும் தெரிகிறது. சான்றிதழ் என்று வந்தால் மட்டும், "நீ இருளர் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்கிறார்கள்.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாலாஜாபாத்திலிருந்து தாம்பரம் பஸ் ஏறினால் ஒரகடம் தாண்டிப் படப்பை வரும். அந்தப் படப்பையைச் சேர்ந்த ஒரு தகப்பன், மலைக்குறவன் என்று தன் பிள்ளைக்கு எஸ்.டி. சான்றிதழ் கேட்டு அலைந்து, கிடைக்காமல், 2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து இறந்துபோனார். அந்த உயிரைவிடப் பெரிய ஆதாரம் இனி யார் கொடுப்பார்? அந்தச் செய்தியை நம் குழுவில் யாரும் பகிரவில்லை.

நரிக்குறவர் கதையும் இதேதான். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965-லேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. அதற்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். 57 வருஷம்! ஊசிமணி பாசிமணி விற்ற பாட்டியின் பேத்தியும் பாட்டியாகிவிட்டாள். 2021 தீபாவளி அன்று முதலமைச்சர் ஸ்டாலின் மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் ஒரு சாதிச் சான்றிதழுக்கு முதலமைச்சரே வர வேண்டும் என்றால், அவர் வராத குடியிருப்புகளின் கதி என்ன?

என் வாதம் இதுதான். பட்டியல் போட்டது அரசு. கணக்கெடுத்தது அரசு. அப்படியானால் ஆதாரம் தேடும் பொறுப்பும் அரசுக்குத்தான். குடியிருப்புக்கு அதிகாரிகள் வரட்டும். பெரியவர்களை விசாரிக்கட்டும், பள்ளிப் பதிவேட்டைப் பார்க்கட்டும், அங்கேயே கையெழுத்துப் போடட்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில், ஒரு கெடுவுக்குள் கொடுக்கட்டும். "அடுத்த வாரம் வா" என்பது பதில் ஆகாது.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். சேர்க்கைப் பதிவேட்டில் சாதி என்ற இடத்தைச் சரியாக நிரப்புங்கள். வில்லி, காட்டுக்காரன் என்று ஊர் கூப்பிடும் பெயரை எழுதாதீர்கள். பிற்பாடு அந்த ஒரு சொல்லை வைத்தே, பட்டியலில் இந்தப் பெயர் இல்லை என்று கதவைச் சாத்துவார்கள். வருவாய்த் துறையில் இருப்பவர்களே, உங்கள் மேசைக்கு வரும் அந்தத் தகப்பனை முதலில் உட்காரச் சொல்லுங்கள். இ-சேவை மையம் வைத்திருப்பவர்களே, விண்ணப்பத்தில் ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் அவருக்கு இன்னொரு நாள் கூலி போகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களே, என்மேல் கோபம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், காபி குடித்துக்கொண்டே பேசலாம். ஆனால் வரும்போது உங்கள் வீட்டு சாதிச் சான்றிதழை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அதை வாங்க எத்தனை நாள் அலைந்தீர்கள், எதைச் செய்துகாட்டினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
வாலாஜாபாத்