பூ விதைகளும் மூலிகை விதைகளும்: ஈரமே பகை

விதை நெல்லைக் காப்பதில் குடியானவர்கள் கொள்ளும் கவலை யாவரும் அறிந்ததே. கோட்டை கட்டியும் குதிரில் இட்டும் அதைப் போற்றிய வழக்கம் மிகப் பழமையானது. ஆயினும் அதே வீட்டில் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, துளசி, கொத்துமல்லி முதலியவற்றின் விதைகள் கந்தைத் துணியில் முடியப்பட்டு அடுப்பங்கரைப் பரணில் கிடக்கின்றன. அடுத்த பருவத்தில் அவை முளையாவிடில் நிலத்தின் மீதும் வானத்தின் மீதும் பழி சுமத்தப்படுகிறது. இது நியாயமன்று. பெரும்பாலும் குற்றம் சேமிப்பினுடையதே.

இதனால் வரும் நஷ்டமும் அற்பமன்று. ஆயுத பூஜைச் சந்தையை எண்ணிச் செண்டுமல்லி நாற்று விடுபவருக்கு, விதை பொய்த்தது தெரியவே பத்து நாள் ஆகிவிடும். வேறு விதை தேடி விதைத்தால் பூ சந்தைக்குப் பிந்தும். பண்டிகை கழிந்தபின் தோட்டம் பூத்துக் குலுங்கியும் பயன் சொற்பமே.

விதை உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்தால் உள்ளிருக்கும் சத்து விரைவில் செலவாகி முளை சாகிறது. விதையின் ஈரம் 100-க்கு 1 பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை சாஸ்திரத்தின் பொது விதி. இங்கிலாந்தில் வேக்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விதைக் களஞ்சியத்திலும், விதைகளை முதலில் நன்கு உலர்த்திய பின்னரே பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரி குளிரில் வைக்கின்றனர். அக்குளிர் கிராமத்தில் கிட்டாது. உலர்த்துதலோ செலவின்றிக் கைகூடுவது.

செடியிலேயே முற்றிய விதையை நிழலில் சில நாளும், பின்னர் காலை இளவெயிலிலும் உலர்த்துக. உச்சி வெயிலும், சூடேறிய தகரமும் ஆகா. உலர்ந்த விதை வளையாது ஒடியும். சூடு ஆறியபின் கண்ணாடிப் புட்டியில், வறுத்து ஆறவிட்ட அரிசியைச் சிறு துணியில் முடிந்து உடனிட்டு, இறுக மூடி, பெயரும் மாதமும் எழுதிக் குளிர்ந்த இருட்டறையில் வைத்தல் சிலாக்கியம். ஈர விதையைப் புட்டியில் அடைப்பது துணியில் முடிவதினும் கேடு. கறிவேப்பிலை விதை மட்டும் இம்முறைக்கு விலக்கு; உலர்ந்தால் அது சாகுமாதலால் பழுத்தவுடன் சதை நீக்கி விதைக்க வேண்டும்.

வருஷந்தோறும் கடையில் வாங்கினால் போதுமே என்பர் சிலர். வீரிய ஒட்டு ரகங்களைப் பொறுத்தவரை அது சரியே. அவற்றின் விதையை எடுத்து வைத்தால் குணம் மாறும். ஆனால் பிரித்த பொட்டலத்தில் எஞ்சிய விதையும் அதே பரணில்தான் சாகிறது. தலைமுறையாய் வந்த நாட்டுக் கொத்துமல்லியோ, கைவிட்டால் எந்தக் கடையிலும் மீளக் கிடைக்குமென்று சொல்வதற்கில்லை.

விதைக்குமுன் 100 விதைகளை ஈரத்துணியில் வைத்துப் பார்த்தல் அவசியம். 80 முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். பாதியே முளைத்தால் இரட்டிப்பு விதை வேண்டும். அதற்கும் குறைந்தால் வேறு விதை தேடுவதே நலம். பருவத்திற்கு ஒரு மாதம் முன்னதாகக் கிராம அதிகாரிகள் இச்சோதனையைப் பொதுச் சாவடியில் ஊரார் காணச் செய்வித்தால், உபதேசம் பத்தினும் அது மேலான பலன் தரும்.