பேஸ் பெட்டியும் பொய் வாட்டும்

திருப்பதிக்கு அருகே ரேணிகுண்டாவை ஒட்டிய மின்னணுத் தொழிற்பேட்டையில் டிக்சன் நிறுவனம் டி.வி. தயாரிக்கிறது. சியோமி டி.வி.கள் அங்கே உருவாகும் என்ற அறிவிப்பு 2018-ல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சீனாவின் டிசிஎல் நிறுவனமும் திருப்பதியில் தன் திரை ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஆண்டுக்கு ஆண்டு திரை அகலமாகிறது, டி.வி.யின் உடம்பு மெலிகிறது. அந்த மெலிந்த உடம்புக்குள் சின்ன ஸ்பீக்கர்தான் அடங்கும். வசனம் தெளிவாகக் கேட்கும், இடி கேட்காது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரையுள்ள சத்தத்துக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பும் பெரிய பெட்டியும் தேவை.

அதனால்தான் இந்தத் தாழ்ந்த சத்தத்துக்கென்றே உள்ள சப்வூஃபரைத் தானே செய்துகொள்ளும் ஆர்வம் குறையாமல் இருக்கிறது. திருப்பதியில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரிச்சி தெரு. 12 அங்குல ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் போர்டு, டிரான்ஸ்பார்மர், ஹீட் சிங்க் எல்லாம் ஒரே தெருவில் கிடைத்துவிடும். இந்தக் கைவேலை பாராட்டப்பட வேண்டியது. பள்ளியில் படித்த இயற்பியல் கைக்கு வரும் இடம் இது. ஆனால் இந்த வேலையை ஒரு பொய் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வாட்தான் அந்தப் பொய்.

உள்ளூர் அசெம்பிளிங்கில் பல காலமாக ஓடும் 4440 ஐசியையே எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் சான்யோ வடிவமைத்தது. இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து, 13.2 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கரில் ஓட்டினால் கிடைப்பது 19 வாட் என்று சான்யோவின் தரவுத்தாளே சொல்கிறது. அதே ஐசி உட்கார்ந்திருக்கும் செட் ‘பிஎம்பிஓ’ (உச்ச இசைத் திறன்) என்ற பெயரில் பல நூறு வாட் என்று விற்கப்படுகிறது. பிஎம்பிஓவை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தரமும் வரையறுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

பொய்யைப் பிடிக்க மீட்டர்கூட வேண்டாம். 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் என்றால் 48-ஐ 5-ஆல் பெருக்கினால் 240. அந்த டிரான்ஸ்பார்மரால் தொடர்ந்து கொடுக்க முடிவது அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு ஹீட் சிங்கில் வெப்பமாகப் போய்விடும். டிடிஏ 7294 ஐசி ஒன்றை இதில் மாட்டினால் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 50 வாட் உண்மையாகக் கிடைக்கும். ஒரு சாதாரண அறைக்கு அது நல்ல தொடக்கம். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ‘ஆயிரம் வாட்’ என்று நம்பி வால்யூமை முழுக்கத் திருகினால் ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையை வெட்ட ஆரம்பிக்கும். அந்தச் சூட்டில் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகும். பழி ஸ்பீக்கர் மேல் விழும்.

உண்மையான பேஸ், பெட்டியில்தான் இருக்கிறது. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் இருவரும் இதைக் கணக்காக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்பீக்கரின் சொந்த அதிர்வெண், அதன் அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதைச் சொல்லும் எண், அதன் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் பெட்டியின் அளவு தானாக வந்துவிடும். ரிச்சி தெருவில் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பதைவிட இந்த மூன்று எண்களைக் கேட்டு வாங்குவது மேல். இவை இல்லாத ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்வது வெறும் ஊகம்.

ஓர் உதாரணம். 50 லிட்டர் பெட்டி, அதன் காற்று வெளியேற 10 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய். இதை 30 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்யக் குழாய் சுமார் 45 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். உள்ளே இடம் போதவில்லை என்று 15 செ.மீ.க்கு அறுத்துவிட்டால் டியூனிங் 46 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். இனி அறையைப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. நம் ஊர்களில் எங்கும் காணும் அறை. பன்னிரண்டு அடி நீளத்துக்கு அந்த அறை தானாகவே 47 ஹெர்ட்ஸ் அருகில் முழங்கும். பெட்டியும் அறையும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்கின்றன. படத்தில் யானை நடந்தாலும் வெடி வெடித்தாலும் ஒரே ‘தும்’தான். செய்தவர் அதையே நல்ல பேஸ் என்று எண்ணி இன்னும் பெரிய போர்டு தேடுகிறார். அவர் குழாயைத்தான் மாற்ற வேண்டும், பெட்டி மூலையில் இருந்தால் நகர்த்த வேண்டும். உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் பேஸ் சமமாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கு இடம். இதற்குச் செலவே இல்லை.

விலை உயர்ந்த மரம்தான் நல்லது என்று மர விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. வீணைக்குப் பலா மரம், அது பாட வேண்டும். சப்வூஃபர் பெட்டி பாடவே கூடாது. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையும் உள்ளே ஒரு குறுக்குக் கட்டையும் விலை உயர்ந்த மரத்தைவிட இதற்குப் பொருத்தம்.

திருப்பதி பக்கத்துக் கரக்கம்பாடிதான் 1985-ல் தொடங்கிய அமர ராஜா பேட்டரி நிறுவனத்தின் ஊர். அதனால் 12 வோல்ட் பேட்டரியில் கார் ஆம்ப்ளிஃபயரை மாட்டி வீட்டில் ஓட்டும் யோசனை இந்த வட்டாரத்தில் யாருக்கும் எளிதில் வரும். செய்யலாம். ஆனால் ஸ்பீக்கருக்கு 200 வாட் போக வேண்டுமானால் பேட்டரியிலிருந்து சுமார் 20 ஆம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய மெல்லிய ஒயர் அதில் சூடாகி, அதன் உறை உருகிவிடலாம். தடித்த ஒயரும், பேட்டரி முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸும் கட்டாயம். 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் செட்டுக்கோ எர்த் இல்லாமல் சுவிட்சைப் போடவே கூடாது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. அமெரிக்கா 1974-லேயே வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் தொடர் திறனைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று விதி போட்டது. 2024-ல் அதை மேலும் இறுக்கியது. இந்தியாவில் 2012-ன் கட்டாயப் பதிவு ஆணை ஆம்ப்ளிஃபயர்களைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 2000 வாட்டும் அதற்கு மேலும் மின்சாரம் எடுப்பவற்றை மட்டும், அதுவும் பாதுகாப்புக்காக. வீட்டில் சேர்க்கும் போர்டுகள் அந்த வரம்புக்குக் கீழே கிடக்கின்றன. அவற்றின் மேல் அச்சிட்ட எண்ணை அந்த ஆணை கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு போர்டிலும் எத்தனை வோல்ட்டில், எத்தனை ஓமில், எத்தனை ஆர்எம்எஸ் (தொடர்) வாட் என்று அச்சிட இந்தியத் தர நிர்ணய அமைப்பு கட்டாயப்படுத்த வேண்டும். பிஎம்பிஓ என்ற எழுத்துகளையே தடை செய்ய வேண்டும். டி.வி. ஆலைகளுக்கு இடமும் சலுகையும் தரும் ஆந்திர அரசு, சித்தூர், திருப்பதி ஐடிஐக்களின் மின்னணுப் பாடத்தில் தீல்–ஸ்மால் கணக்கையும் அறையில் ஒலியை அளக்கும் முறையையும் சேர்த்தால், அங்கே படித்து வரும் இளைஞர் தன் கடையில் விற்கும் பெட்டியின் மேல் உண்மையான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார்.