பயிற்சியா, சடங்கா?

ஒரு காரியத்தைச் செய்யாமலேயே செய்து முடித்ததாகக் காட்டிக்கொள்ளுவதற்கு நம் நாட்டில் நெடுநாளாக ஒரு வழி இருந்து வருகிறது. அதற்குப் பெயர் சடங்கு. கலியாணத்திலும் கருமாதியிலும் மாத்திரந்தான் அது இருக்கிறதென்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்களின் பயிற்சியிலும் அது புகுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் செய்த விதிப்படி, இரண்டாண்டு பி.எட். படிக்கிறவர் முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம், ஆக 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருந்து பழகவேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் நடப்பதென்ன?

அம்பத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். பயிற்சிக்கு வந்த பெண்கள் இருவர். ஒருவர் ஆபீசில் உட்கார்ந்து பதிவேட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தார். மற்றவர், லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டிருந்தார். "அம்மா, நீங்கள் பாடம் நடத்தும்போது யாராவது பின்னால் உட்கார்ந்து பார்த்துத் தப்புச் சொன்னதுண்டா?" என்று கேட்டேன். "நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுவோம், ஐயா" என்றார். அந்தப் பெண்கள்மீது குற்றமில்லை. அர்த்தம் தெரியாத மந்திரத்திற்கும் பாடமே பார்க்காமல் போட்ட இந்தக் கையெழுத்திற்கும் என்ன வித்தியாசம்?

அதே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், புத்தகத்தை ஒப்புவித்துவிட்டான் என்பதற்காக ஒரு பையனை லேத்தின்முன் தனியே விடுவார்களா? தெரிந்தவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டுவார். இத்தனைக்கும் இரும்பு கெட்டால் உருக்கிக்கொள்ளலாம். "உனக்குப் படிப்பு வராது" என்ற சொல் ஆறு வயதுப் பிள்ளையின் மனதில் விழுந்துவிட்டால் அதை எந்த உலையில் போட்டு உருக்குவது?

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருக்கிறது. பிரெயில் எழுத்தை ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாகக் குத்தவேண்டும். தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கவேண்டும். பிள்ளையின் விரலைப் பிடித்துப் பழகாதவர் இதைச் சொற்பொழிவு கேட்டுக் கற்றுக்கொடுத்துவிட முடியுமா?

"சொல்லிக் கொடுக்கும் திறமை பிறவியிலேயே வரும்" என்கிறார்கள் சில மேதாவிகள். பிறவியில் வரும் என்பது யாருடைய பேச்சு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

இதனால் கெடுவது யார்? பணக்காரன் டியூஷன் வைத்துக்கொள்ளுவான். ஆவடியில் ஷிப்டு வேலைக்குப் போகிறவரின் பிள்ளைக்கும், பீகாரிலிருந்து பிழைக்க வந்து தமிழ் தெரியாமல் முழிக்கும் பிள்ளைக்கும் வகுப்பு ஆசிரியரைத் தவிர வேறு கதியில்லை. 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளைகளை அடிக்கக்கூடாதென்கிறது. அடிக்காமல் நாற்பது பிள்ளைகளை நடத்துவது எப்படி என்று காட்டிக் கொடுக்காவிட்டால், புதிதாக வந்தவர் கைக்கு எட்டுவது பிரம்புதானே?

ஆகவே நாம் கேட்கவேண்டியது மூன்று. பயிற்சிக்கு வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் பொறுப்பாக இருந்து, பாடத்தை முழுதும் பார்த்து, தப்பைச் சொல்லி, மறுநாள் அதைத் திருத்தி நடத்தச் செய்யவேண்டும். ஆபீஸ் வேலைக்கும் ஆளில்லாத வகுப்பைக் காவல் காக்கவும் அவரை அனுப்பக்கூடாது. நோட்டின் அழகுக்கு மார்க்குப் போடுவதை விட்டு, பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்த்து மார்க்குப் போடவேண்டும்.

தாய்தகப்பன்மாரே! அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு திரும்பாதீர்கள். "எங்கள் பிள்ளையிடம் பழக வருகிறவருக்குப் பழக்கிக் கொடுப்பவர் யார்?" என்று கேளுங்கள்! பதில் வரும்வரை கேளுங்கள்!