சின்ன மாத்திரைதானே, நிறுத்தினால் என்ன?

சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வந்து மாத்திரை வாங்கிப் பழகிய மலைக்காரருக்கு அது தீர்ந்துபோனால் என்ன தோன்றும்? "25 மில்லிகிராம்தானே, பிரஷரும் நார்மல்தானே, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்." அங்கேதான் சிக்கல்!

அட்டெனலால், மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனலால் எல்லாம் பீட்டா பிளாக்கர்கள். (கடைசி மாத்திரையைக் கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூடத் தருவார்கள். அதனால் இதய மருந்து என்றே பலருக்குத் தெரியாது.) அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களை இவை மறித்து நிற்கின்றன. வருடக்கணக்கில் மறித்தால் உடம்பு சும்மா இருக்குமா? அப்படிப்பட்ட இடங்களை இன்னும் அதிகமாக உண்டாக்கிக்கொள்கிறது. திடீரென்று மாத்திரையை விட்டால் அட்ரினலினுக்குக் கொண்டாட்டம்தான். படபடப்பு, பிரஷர் ஏற்றம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைகூடப் போகலாம். அடைப்பு இருப்பதே தெரியாதவர்கள் எத்தனை பேர்! குறைந்த அளவில் ஆபத்து குறைவாக இருக்கலாம், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இந்த மருந்துகளின் விவரச்சீட்டிலேயே இந்த எச்சரிக்கையைப் போடுகிறார்கள். இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அருமையான திட்டம். மாத்திரை தரும் கவரில் "நீங்களாக நிறுத்தாதீர்கள், தீரும் முன்பே கேளுங்கள்" என்று தமிழில் ஒரு வரி அச்சடித்தால் என்ன செலவாகிவிடும்?

டாக்டரே நிறுத்தச் சொன்னாலும், அவர் சொல்கிறபடி ஒன்றிரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த நாட்களில் மூட்டை தூக்குவது, மேடு ஏறுவது வேண்டாம். நெஞ்சு வலித்தால் உடனே 108.